மேஸ்திரிக்கு அங்கே என்ன வேலை

1

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நாய்க்குக் கேக் வெட்டினோம். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தத்தெடுத்த நாயின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது என்பதால், அது கிடைத்த நாளைக் கொண்டாடுவது இங்கே பழக்கம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில் அண்டை வீட்டார் இப்படிக் கூப்பிட்டபோது நானும் சிரித்தவள்தான்.

கேக்கை என் மகள் தாரிணி செய்தாள். பதினைந்து வயது. கேரட்டும் ஓட்ஸும் மட்டும், சர்க்கரை இல்லை. நடுவில் ஒரு புகைப்படத்தைக் குச்சியில் ஒட்டிச் செருகியிருந்தாள். போன வருடம் மாசி மாதம் திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகும் வழியில் நான் எடுத்த படம். செவலை நாய் ஒன்று வரப்போரமாகப் படுத்திருக்கிறது. கழுத்தில் கயிறு. கயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு மரக்கட்டை தொங்குகிறது. நாய் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் வேறு எதையோ பார்க்கிறது.

அது எதைப் பார்த்தது என்று மூன்று வாரத்துக்கு முன்புதான் எனக்குத் தெரிந்தது. கேக்கைச் சுற்றி நின்று தாரிணி டச்சு மொழியில் பாடியபோது நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

2

நான் விழுப்புரத்துப் பெண். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பக்கம் எப்போதாவது நகராட்சியின் நாய் வண்டி வரும். வண்டியிலிருந்து இறங்கும் ஆட்கள் கையில் சுருக்குக் கம்பி இருக்கும். வண்டி சத்தம் கேட்டால் நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வேன். போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. நாய் வளர்க்க எங்கள் வீட்டில் விட்டதில்லை. ஆனால் அந்த வண்டி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அதனால்தான், பள்ளியில் என்னோடு படித்த செல்வி திண்டிவனத்துக்கு வெளியே தன் நிலத்தில் கொட்டகை போட்டு அடிபட்ட நாய், மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தபோது, நானும் கூடச் சேர்ந்தேன். அவள் ஊரில் இருந்து பார்ப்பாள். நான் இங்கிருந்து படம் போடுவேன், எழுதுவேன், உதவி கேட்பேன், எந்த விலங்கை எங்கே அனுப்புவது என்று போனிலேயே முடிவு செய்வேன். வருடத்துக்கு ஒருமுறை போய் எல்லாவற்றையும் தடவிக் கொடுத்துவிட்டு வருவேன். எங்களுக்கு ஒரு வண்டியும் உண்டு. பக்கவாட்டில் பச்சை எழுத்தில் விலங்கு மருத்துவ உதவி என்று எழுதியிருக்கும்.

போன மாசியில் இங்கே ஒரு வாரம் பள்ளி விடுமுறை. தாரிணியையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு ஊரில் எதுவும் ஒட்டவில்லை. என் தங்கை வீட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். யாராவது தமிழில் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். செல்வியின் வண்டியில் ஏறிய அன்றைக்குத்தான் கொஞ்சம் முகம் மலர்ந்தாள். அந்த நாயை முதலில் பார்த்ததும் அவள்தான்.

"அம்மா, அவன் கழுத்தில் பார்" என்றாள்.

இறங்கிப் போனோம். முன்னங்காலில் பழைய காயம். நொண்டியது. கட்டையைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. யாரோ தண்டனையாகக் கட்டிவிட்டு விரட்டியிருக்கிறார்கள் என்று நான் முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாரிணி அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள். நாயை வண்டியில் ஏற்றினோம். தூரத்தில், அறுத்த வயலுக்கு அந்தப் பக்கம், நீலத் தார்ப்பாய்க் கூடாரம் ஒன்று தெரிந்தது. அங்கிருந்து யாரோ துண்டை ஆட்டினார்கள். வெளியூர்ப் பெண்ணைப் பார்த்த உற்சாகம் என்று நினைத்தோம். தாரிணி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

3

ஒரு நாயை இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவருவது, ஒரு மனிதரைக் கொண்டுவருவதை விட லேசானது இல்லை. தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும், ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வந்தாலும் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தாரிணி செல்வியிடம் வீடியோவில் பேசினாள். பேச வேண்டும் என்பதற்காகவே தமிழ் வார்த்தைகளைத் தேடிப் பிடித்தாள். "செல்வி ஆன்ட்டி, அவன் சாப்டுச்சா?" என்று அவள் கேட்டதை நான் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறேன். எத்தனை வருடம் கெஞ்சியும் வராத தமிழ், ஒரு நாய்க்காக வந்தது. அதைத் திருத்தக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஆடி மாதம் நாய் வந்து சேர்ந்தது. தாரிணி அதற்கு ஃபின் என்று பெயர் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் ஐரோப்பிய பாஸ்போர்ட் வாங்கியவன் ஃபின்தான். கால்நடை மருத்துவர் ஒரு நீல நிறப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். நான் குடியுரிமைக்கான மொழித் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றிருந்த நேரம் அது.

ஒரே ஒரு தொந்தரவு. எங்கள் தெருமுனையில் கால்வாய் இருக்கிறது. கால்வாய் என்றால் வாத்து இருக்கும். வாத்தைக் கண்டால் ஃபின் என் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். குரைக்காது, கடிக்காது, ஆனால் அவற்றின் பின்பக்கமாகச் சுற்றிப் போகப் பார்க்கும். ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை நன்றி என்று பதில் சொன்னேன். "அம்மா, அவர் நம்மைத் திட்டுகிறார்" என்றாள் தாரிணி.

பிறகு நாய்ப் பயிற்சியாளர் ஒருவரிடம் போனோம். வேட்டைக் குணம், வளரவிடக் கூடாது என்றார். மார்புப் பட்டை, குட்டைக் கயிறு, வாத்தைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்தால் ஒரு பிஸ்கட். சில வாரங்களில் ஃபின் கற்றுக்கொண்டது. வாத்துகள் கரையில் நின்றால் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கும். நான் பிஸ்கட் கொடுப்பேன். எனக்கு அதில் பெருமை.

4

அப்பாவின் திதிக்காக இந்தத் தை மாதம் தனியாக ஊருக்குப் போனேன். திதி முடிந்த மறுநாள் விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போய்ச் செல்வியின் கொட்டகையில் இருந்தேன். ஒரு கன்றுக்குட்டிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரோ ரெண்டு பேரு வந்துகீறாங்கடி. கூடை நெறைய முட்ட. நீ சொன்னியா?"

"நான் எதுக்குடி முட்டை சொல்றேன்?"

கணவன், மனைவி. ஐம்பதை ஒட்டிய வயது. அவர் தலையில் துண்டு, அந்த அம்மா புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. ஒயர் கூடையில் வைக்கோல் பரப்பி வாத்து முட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

"வணக்கம் மேடம். எம்பேரு ஏழுமல. இது எங்க வூட்டுக்காரம்மா, அஞ்சல. திருவெண்ணெய்நல்லூர் பக்கம். வாத்து மேய்க்கறவங்க. அறுப்பு முடிஞ்ச காட்டுல வாத்த ஓட்டிக்கினு ஊரு ஊரா போவோம். போன வருசம் நம்ம நாய வைத்தியத்துக்கு இட்டாந்தீங்க இல்ல, பாத்துக்கினு போலாம்னு..."

"இட்டுக்கினு போலாம்னு" என்று அஞ்சலை திருத்தினார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. "எந்த நாய்ங்க?"

"மேஸ்திரிங்க. செவல. முன்னங்காலு நொண்டும்."

"மேஸ்திரியா?"

"பேருதாம்மா அது" என்று சிரித்தார் ஏழுமலை. "வேல ஒண்ணும் செய்யாத மாரிதான் நிக்கும். ஆனா அது நின்னாத்தான் அத்தினி வாத்தும் ஒழுங்கா மேயும். அதான் மேஸ்திரி."

செல்வி என் கையை அழுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. படத்தில் அது பார்த்துக்கொண்டிருந்தது, எனக்குப் பின்னால் வயலில் மேய்ந்த, நான் கண்டுகொள்ளாத வாத்துகளை.

"நாங்க துண்ட ஆட்டி ஆட்டிக் கூப்ட்டோம்" என்றார் அஞ்சலை. குரலில் குறையே இல்லை. "ஒங்க பொண்ணு கூட டாடா காட்டிச்சி. வண்டில வைத்தியம்னு போட்டுக்கினு இருந்துச்சா, சரி, காலுக்கு மருந்து போட்டுக் கொண்டாந்து வுடுவாங்கன்னு அதே காட்டுல இருந்தோம். எர தீந்துபோச்சி. வாத்து கத்துது. அப்பறம் கெளம்பிட்டோம். இந்த வருசம் அதே பக்கம் வந்தோமா, டீக்கடைல கேட்டா இந்த எடத்தச் சொன்னாங்க."

அவர்கள் நான் நல்லது செய்ததாக நினைத்து, அதற்கு நன்றியாக முட்டை கொண்டுவந்திருந்தார்கள். திருடி என்று திட்டியிருந்தால் எனக்கு வாய் வந்திருக்கும்.

செல்விதான் சொன்னாள். "அண்ணே, அது இங்க இல்ல. வெளிநாட்டுல, இவங்க வூட்ல கீது. நல்லா கீது."

நான் போனைத் திறந்து காட்டினேன். சோபாவில் படுத்திருக்கும் ஃபின். மழைக்கோட்டு போட்ட ஃபின். இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள்.

"எங்க மச்சான் ஒருத்தரு துபாய்ல கீறாரு" என்றார் ஏழுமலை. "இவனும் போய்ட்டான் பாரு. சட்டலாம் போட்டுக்கினு."

அஞ்சலை சிரிக்கவில்லை. "அங்க அது இன்னா வேல செய்துங்க?" என்று கேட்டார்.

"வேலை எதுவும் இல்லைங்க. நல்லா சாப்பிடும். வெளியே கூட்டிப் போவோம். தூங்கும்."

"சும்மாவே கீதா?"

"ஆமாங்க."

"பாவம்" என்றார்.

பிறகு ஏழுமலை, ரொம்பத் தயங்கி, கேட்டார். "திருப்பி இட்டார முடியுங்களா? போன வருசம் பேஜாரா பூட்ச்சி. நரி, கீரின்னு. நாங்களே மாத்தி மாத்தி முழிச்சிக்கினு கெடந்தோம்."

"சட்டம் விடாதுங்க" என்றேன். "ஒருமுறை அந்த நாட்டுக்குள்ள போயிட்டா திரும்பிக் கொண்டுவர முடியாது."

அது பொய். திரும்பிக் கொண்டுவருவது கஷ்டம், அலைச்சல், தாள் தாளாக நிரப்ப வேண்டும், ஆனால் முடியும். செல்விக்கும் அது தெரியும். அவள் கன்றுக்குட்டியின் காயத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள். ஃபின் இல்லாத வீட்டில் தாரிணி அறைக் கதவைச் சாத்திக்கொள்வதும், செல்வியோடு பேசுவதை நிறுத்துவதும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அரசாங்கத் தாள்களுக்கு நான் பயந்திருக்கிறேன். முதல்முறையாக அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஏழுமலை எனக்குச் சமாதானம் சொன்னார். "கவுருமெண்ட்டு சமாச்சாரம். அதுல நீங்க இன்னா பண்ணுவீங்க. வுடுங்கம்மா."

கிளம்பத் திரும்பியவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே அந்தக் கட்டை ஆணியில் தொங்கியது. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று நான்தான் மாட்டச் சொன்னேன். கீழே ஒரு பலகை. அதில் உள்ள வரிகளும் நான் ஐந்தோவனிலிருந்து எழுதி அனுப்பியவை. 'இந்தக் கட்டையோடு வதைக்கப்பட்டான். இன்று சுதந்திரமாக ஓடுகிறான்.'

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடு அசைவது தெரிந்தது. முதல் வரியில் ஒருமுறை நின்று, திரும்பவும் முதலிலிருந்து படித்தார். நான் குறுக்கே போய் மறைத்திருக்கலாம்.

"இன்னா போட்டுக்கீது?" என்றார் அஞ்சலை.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "நம்ம கட்டையப் பத்தரமா மாட்டி வெச்சிக்கீறாங்க."

"அப்பக் குடுத்துடச் சொல்லு. புதுசா ஒரு குட்டி புடிச்சிக்கீறோமே, அது ரோட்டாண்டயே ஓடுது." என்னிடம் திரும்பினார். "ஐவேல லாரி வர்றது அதுக்கு இன்னா தெரியும்? மேஸ்திரி ஒருக்கா அடிபட்டு, காலு பூட்ச்சி. அதுக்கப்பறந்தான் இவரு கட்ட செதுக்கினாரு. கட்ட இருந்தா நடக்கும், ஓடாது. வாத்து மேய்க்க நடந்தா போதும். ராத்திரில கயட்டிடுவோம்."

ஆணியிலிருந்து கட்டையை நானே எடுத்தேன். நாய்க் கழுத்தில் உரசும் பக்கம் வழவழப்பாக இழைத்திருந்தது. ஒரு வருடம் அது எங்கள் சுவரில் இருந்தது, நான் அதை ஒருமுறையும் தடவிப் பார்க்கவில்லை. ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வியிடம் தன் போன் நம்பரைச் சொன்னார், பழகின நாய் ஏதாவது வந்தால் சொல்லுங்கள் என்று. முட்டைக் கூடையை அஞ்சலை எங்கள் வாசற்படியில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன்.

"ஒங்களுக்குன்னு கொண்டாந்தது, திருப்பி எடுத்துக்கினு போவ முடியுமா?" என்றார்.

அவர்கள் போன பிறகு செல்வி பலகையைக் கழற்றி முகம் சுவர் பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்தாள். "நாய் வண்டின்னு சொல்லி அழுவியே, ஞாபகங் கீதா?" என்றாள்.

5

இதையெல்லாம் தாரிணியிடம் சொல்லாமல் நாட்களைக் கடத்தினேன். கேக் வெட்டிய அன்று, குச்சியில் இருந்த அந்தப் படத்தைத் தன் நண்பர்களுக்கு அனுப்ப அவள் வாசகம் எழுதிக்கொண்டிருந்தாள். "கொடுமைக்காரர்கள் என்பதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். துண்டு ஆட்டியது, டாடா காட்டியது, பலகை, கட்டை, நான் சொன்ன பொய், எல்லாம்.

அவளுக்குத் தமிழில் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "நீ பொய் சொன்னியா? எனக்காகவா?" என்றாள்.

"ஆமாம்."

"நான் கேட்டேனா?"

என் போனை எடுத்து என் கையில் வைத்தாள். "போன் பண்ணு" என்றாள்.

செல்வியிடம் நம்பர் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டோம். அங்கே சாயங்காலம். வாத்துகளை அடைக்கும் நேரம் போலிருக்கிறது. போனுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் வாத்துச் சத்தம் வந்தது. படுத்திருந்த ஃபின் எழுந்து வந்து மேசையடியில் நின்றது.

"அண்ணே, திண்டிவனத்துல பார்த்தோமே, நான்தான். அன்னைக்கு நான் சொன்னது உண்மை இல்லை. நாயைத் திருப்பி அனுப்ப முடியும். கொஞ்சம் நாளாகும். ஆனா முடியும்."

உண்மையை எழுத வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும். அவர் வேண்டாம் என்பார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். நல்லா இருக்கட்டும்மா, அங்கேயே இருக்கட்டும் என்பார். தாரிணி அதைக் கேட்பாள். நானும் உண்மையைச் சொன்னதாக ஆகிவிடும், நாயும் எங்களோடு இருக்கும்.

"இன்னாவாம்?" என்று தூரத்தில் அஞ்சலையின் குரல் கேட்டது.

"மேஸ்திரிய அனுப்பறாங்களாம்."

"எப்பவாம்?"

ஏழுமலை போனுக்கு வந்தார். "அனுப்பிடுங்கம்மா. சித்திர அறுப்புக்குள்ள வந்துட்டா நல்லா இருக்கும்." கொஞ்சம் யோசித்து, "குளிர்ல கெடந்து முடி கிடி நெறைய வளந்துகீதா? இங்க வெயிலு தாங்குமா?" என்றார்.

தாரிணி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "அங்கிள், அவன் என் ரூம்ல தூங்குவான்."

"அப்பிடியா பாப்பா? இங்கயும் எங்க கூடத்தான் தூங்கும். காலாண்ட."

"அந்தக் கட்டை... வலிக்குமா?"

"வலிக்காது பாப்பா. நீ வந்து பாரு ஒருக்கா."

"சரி அங்கிள்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஃபின் பின்னாலேயே போனது. கேக் மேசையிலேயே காய்ந்தது.

6

அடுத்த நாளே, வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளுக்கு அனுமதி தரும் சென்னை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாயை எத்தனை காலமாக வைத்திருக்கிறீர்கள், எதற்காகக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. எதற்காக என்ற இடத்தில் 'வேலைக்குத் திரும்புகிறது' என்று எழுதினேன். சரியான காரணமா என்று தெரியவில்லை, அலுவலகம் ஏற்கவில்லை என்றால் வேறு எழுத வேண்டும்.

தாரிணி என்னோடு அதிகம் பேசவில்லை. பேசினாலும் டச்சு மொழியில்தான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? போன ஞாயிறு காலையில் மட்டும், "வா" என்று தமிழில் கூப்பிட்டாள். ஃபினைக் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போனோம். பனி மூட்டம், ஆள் நடமாட்டம் இல்லை. மறுகரைப் புல்லில் வாத்துகள் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. பாலம் தாண்டி அந்தப் பக்கம் போனதும் தாரிணி குனிந்து மார்புப் பட்டையைக் கழற்றினாள்.

ஃபின் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தது. பிஸ்கட்டுக்காக.

வேண்டாம் என்று டச்சில் தடுக்கும் 'நே'யைச் சொல்லாதே என்றாள் தாரிணி. நான் சொல்லவில்லை. கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து வெறுங்கையாகக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு போனது. ஓடவில்லை, நொண்டி நொண்டி நடந்தே போனது. வாத்துகளை நேராக நெருங்காமல் தூரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றது. ஓரமாக இருந்தவை உள்ளே நகர்ந்தன. இரண்டு அடி இடது பக்கம் வைத்தது. அந்தப் பக்கத்தவையும் சேர்ந்துகொண்டன. ஒன்றும் பதறவில்லை, பறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை வாத்தும் ஒரே கூட்டமாக எங்கள் எதிரில் நின்றன.

ஃபின், இல்லை, மேஸ்திரி, அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அது தன் வேலையை முடித்துவிட்டது. இனி எங்கள் முறை.

"அம்மா, இப்ப என்ன சொல்லணும்?" என்று தாரிணி மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் மேஸ்திரியிடம் என்ன சொல்வார்கள் என்று ஏழுமலையிடமும் அஞ்சலையிடமும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.